வாட்ஸ்அப் ஓடுது, வெப்சைட் மட்டும் திறக்கல: ரூட்டரில் டிஎன்எஸ்ஸை எந்த இடத்தில் மாத்தணும்?

இரட்டை_ரூட்டர் (கேள்வி)

அமைப்பு இதுதான். நெட் கம்பெனி கொடுத்த ஓஎன்டி பெட்டி (ஃபைபர் லைன் வந்து சேர்ற பெட்டி) கீழே ஹாலில், முகவரி 192.168.1.1. அதன் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் டிபி-லிங்க் ரூட்டர், முகவரி 192.168.0.1. போன், லேப்டாப், டிவி, கேமரா டிவிஆர், பேக்கப் பெட்டி எல்லாமே டிபி-லிங்க்கில்தான் இருக்கு. ஓஎன்டியின் வைஃபை ஆஃப்.

ராத்திரி எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரத்தில் திடீர்னு எந்த வெப்சைட்டும் திறக்காது. சர்வரின் முகவரி கிடைக்கலைன்னு குரோம் சொல்லும். ஆனா வாட்ஸ்அப் போகுது, வருது. ஓடிக்கிட்டு இருக்கிற வீடியோ நிக்கல. 1.1.1.1க்குப் பிங் அடிச்சா ஒழுங்கா பதில் வருது. சில நிமிஷத்தில் தானாகச் சரியாகும், இல்லைன்னா ஓஎன்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்.

டிபி-லிங்க்கில் டிஎச்சிபி சர்வர் (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கறது) மெனுவில் பிரைமரி டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்ற சர்வர்) கூகுளோட 8.8.8.8னு போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் தொந்தரவு நின்னது. டிவியில் நிக்கல. கூடவே டிபிலிங்க்வைஃபை.நெட் என்கிற அட்மின் பக்கமும் பேக்கப் பெட்டியின் பெயரும் லேப்டாப்பில் திறக்காம போச்சு. அதனால பழையபடி மாத்திட்டேன்.

கேள்வி மூணு. டிஎன்எஸ் போடும் கட்டம் இன்டர்நெட் மெனுவிலும் இருக்கு, டிஎச்சிபி மெனுவிலும் இருக்கு, எதில் போடணும்? செகண்டரியில் என்ன போடணும்? இதுக்காக பை-ஹோல் (வீட்டுக்குள்ளேயே டிஎன்எஸ் சர்வரா ஓடி விளம்பரத்தைத் தடுக்கறது) வாங்கி வைக்கறது அதிகப்படியா?

போர்ட்_53

ஐபிக்குப் பிங் போகிறது, பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் லைனில் குறையில்லை. பெயர் தேடும் சங்கிலியில் ஒரு கண்ணி விழுகிறது. வாட்ஸ்அப் ஏற்கெனவே பிடித்த இணைப்பை விடாமல் வைத்திருக்கும், புதிதாக யாரிடமும் பெயர் கேட்கத் தேவையில்லை. அதனால்தான் அது பாட்டுக்கு ஓடுகிறது.

உங்கள் வீட்டில் அந்தச் சங்கிலி வழக்கத்தைவிட நீளம். போன் டிபி-லிங்க்கைக் கேட்கும். டிபி-லிங்க் தன் முகவரியை ஓஎன்டியிடமிருந்து வாங்குகிறது. வாங்கும்போதே டிஎன்எஸ்ஸாக 192.168.1.1ஐயும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. ஆகவே அது ஓஎன்டியைக் கேட்கும். ஓஎன்டி நெட் கம்பெனியின் ரிசால்வரைக் கேட்கும். ரூட் சர்வரில் தொடங்கி டாட் காம், டாட் இன் என்று படிப்படியாக இறங்கி உண்மையில் விடையைத் தேடுவது அந்தக் கடைசி ஆள் மட்டும்தான். வீட்டில் இருக்கும் இரண்டு பெட்டியும் கேட்டதை அடுத்தவரிடம் கேட்டுச் சொல்லும் எடுபிடிகள். கிடைத்த விடையை அதன் டிடிஎல் (செல்லுபடியாகும் நேரம்) தீரும்வரை கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்திருக்கும், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இப்போது இரண்டு கட்டங்கள். இன்டர்நெட் மெனுவில் போடுவது, *ரூட்டர்* யாரைக் கேட்க வேண்டும் என்பது. டிஎச்சிபி மெனுவில் போடுவது, *கருவிகள்* யாரைக் கேட்க வேண்டும் என்பது. நீங்கள் இரண்டாவதை மாற்றினீர்கள். அதனால் லேப்டாப் வீட்டில் இருக்கும் இரண்டு எடுபிடிகளையும் தாண்டி நேராக கூகுளிடம் போனது, தொந்தரவு நின்றது. ஆனால் டிபிலிங்க்வைஃபை.நெட் என்ற பெயருக்கு உள்வீட்டு முகவரியைச் சொல்லத் தெரிந்தது டிபி-லிங்க்குக்கு மட்டும்தான். தன்னிடம் வரும் அந்தக் கேள்வியை வழிமறித்து 192.168.0.1 என்று அதுவே சொல்லும். கூகுளுக்கு உங்கள் மாடி ரூட்டரையோ பேக்கப் பெட்டியையோ எப்படித் தெரியும்? டிவி பழையபடியே இருந்ததற்குக் காரணம் லீஸ், அதாவது ரூட்டர் கொடுத்த முகவரி செல்லும் காலம். டிஎச்சிபியில் கொடுத்தது லீஸ் நேரத்தில் பாதி கழிந்து புதுப்பிக்கும்போதுதான் கருவிக்குப் போய்ச் சேரும். டிபி-லிங்க்கில் பொதுவாக 120 நிமிடம் இருக்கும். காத்திருக்க வேண்டாம் என்றால் கருவியின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டாலே போதும்.

எதையும் மாற்றுவதற்கு முன் எந்தக் கண்ணி விழுகிறது என்று பார்த்துவிடலாம். தொந்தரவு நடக்கும்போதே செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்த பிறகு பார்த்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் தெரியும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து என்எஸ்லுக்கப் (பெயருக்கு முகவரி கேட்கும் கட்டளை), தளத்தின் பெயர், யாரைக் கேட்க வேண்டுமோ அவருடைய ஐபி, மூன்றையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் அடியுங்கள். ஐபி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும்: முதலில் 192.168.0.1, பிறகு 192.168.1.1, பிறகு நெட் கம்பெனியின் ரிசால்வர் (ஓஎன்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும்), பிறகு 1.1.1.1, கடைசியாக 192.0.2.1.

தளத்தின் பெயர் வீட்டில் அன்று யாரும் திறக்காததாக இருக்கட்டும், ஒவ்வொரு முறைக்கும் வேறு வேறு பெயர். திறந்ததையே கேட்டால் கேஷிலிருந்து விடை வந்து உங்களை ஏமாற்றும். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் என்எஸ்லுக்கப் உங்கள் கணினியின் டொமைன் ஒட்டைப் பின்னால் சேர்த்து வேறொரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

192.0.2.1 எதற்கு என்றால், அது புத்தகங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய முகவரி. அங்கே எந்த சர்வரும் கிடையாது. அதைக் கேட்டும் விடை வந்தால், வழியில் யாரோ போர்ட் 53ஐ (டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசல் எண்) பிடித்துத் தாங்களே பதில் சொல்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் 8.8.8.8 போட்டாலும் 1.1.1.1 போட்டாலும் பேச்சு நெட் கம்பெனியிடம்தான்.

விடை வராதபோது என்ன சொல்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'டைம்டு அவுட்' என்றால் கேட்ட ஆள் பேசவே இல்லை. 'சர்வ்ஃபெயில்' என்றால் அவர் பேசினார், அவருக்கு மேலே இருப்பவரிடம் விடை வாங்க முடியவில்லை. 'ரெஃப்யூஸ்டு' என்றால் சொல்ல மறுக்கிறார். 'நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்' என்றால் அப்படி ஒரு பெயரே கிடையாது என்று உறுதியாகச் சொல்கிறார். இதுவும் கேஷில் உட்காரும். புதிதாக வாங்கிய டொமைனை அவசரப்பட்டுத் திறந்து பார்த்துவிட்டு 'எனக்கு மட்டும் வரல' என்று புலம்புவது இதனால்தான்.

சட்டுனு_சொல்றேன்

இவ்வளவு சோதனை எதுக்கு? ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை பார்க்காம லைனை மட்டும் கடத்தும்) மாத்திட்டு, பிபிபிஓஇ (நெட் கம்பெனியில் லாகின் பண்ற முறை) யூசர்நேம், பாஸ்வேர்டை டிபி-லிங்க்கில் போடுங்க. ஓஎன்டி சங்கிலியிலேயே இருக்காது. டபுள் நேட்டும் (ரெண்டு பெட்டியும் தனித்தனியா முகவரியை மாத்தறது) ஒழியும், டிவிஆருக்கு போர்ட் திறக்கறதும் சுலபம். நெட் கம்பெனிக்கு போன் பண்ணி பாஸ்வேர்டும் விலேன் ஐடியும் (லைனில் இன்டர்நெட்டைப் பிரிச்சுக் காட்டும் எண்) கேட்டு வாங்கணும், அவ்வளவுதான்.

போர்ட்_53

பிரிட்ஜ் நல்ல வழிதான், ஆனால் எல்லா இடத்திலும் நடக்காது. ஓஎன்டியில் தரைவழி போன் செருகியிருந்தால் பிரிட்ஜ் மோடில் அது ஊமையாகிவிடும் வாய்ப்பு உண்டு. பிபிபிஓஇ இல்லாமல் ஓஎன்டியின் மேக் முகவரியை (பெட்டிக்கே உரிய அடையாள எண்) வைத்தே இணைப்பு கொடுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. முதலில் சோதனை முடிவு வரட்டும்.

இரட்டை_ரூட்டர்

தொந்தரவு நேரத்திலேயே அடிச்சுப் பார்த்தேன்.

192.168.0.1: முதலில் 'டைம்டு அவுட், 2 செகண்ட்' ரெண்டு தடவை, கடைசியில் சர்வ்ஃபெயில்.
192.168.1.1: டைம்டு அவுட் மட்டும்.
நெட் கம்பெனி ரிசால்வர்: உடனே விடை.
1.1.1.1: உடனே விடை.
192.0.2.1: டைம்டு அவுட்.

ஒரு சந்தேகம். தொந்தரவு இல்லாத நேரத்திலும் 192.168.0.1ஐக் கேட்டா முதல் வரியில் 'சர்வர்: அன்நோன்'னு வருது. டிபி-லிங்க்கிலும் ஏதாவது கோளாறா?

தரைவழி போன் ஓஎன்டியில்தான் இருக்கு. அதனால பிரிட்ஜ் இப்போதைக்கு வேண்டாம்.

போர்ட்_53

'அன்நோன்' கோளாறு இல்லை. என்எஸ்லுக்கப் தொடங்கியதும் 192.168.0.1 என்ற எண்ணுக்கு என்ன பெயர் என்று தலைகீழாக ஒரு கேள்வி கேட்கும். டிபி-லிங்க் தனக்குப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை, அதனால் அப்படி வருகிறது. கவனிக்க வேண்டாம்.

மற்றபடி முடிவு தெளிவு. ஓஎன்டியின் டிஎன்எஸ் எடுபிடி மட்டும்தான் படுக்கிறது. அதே ஓஎன்டி வழியாகத்தான் 1.1.1.1க்கான கேள்வியும் போய் விடை வந்தது. பாக்கெட்டைக் கடத்தும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. டிபி-லிங்க்கின் சர்வ்ஃபெயில், ஓஎன்டி பேசாததன் எதிரொலி. 192.0.2.1 பேசாததால் இடைமறிப்பும் இல்லை.

செய்ய வேண்டியது: டிபி-லிங்க்கில் அட்வான்ஸ்டு, நெட்வொர்க், இன்டர்நெட் போய், அங்கே டிஎன்எஸ் 'தானாகப் பெறு' என்றிருப்பதை 'கீழ்க்கண்டதைப் பயன்படுத்து' என்று மாற்றுங்கள். 192.168.1.1க்குப் பதிலாக நேரடி ரிசால்வர்களின் எண்கள். டிஎச்சிபி மெனுவில் டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாக, அல்லது 0.0.0.0 ஆக விடுங்கள். பெரும்பாலான மாடல்களில் அப்போது ரூட்டர் தன்னையே கொடுக்கும். ஐயமிருந்தால் 192.168.0.1 என்று கையால் எழுதிவிடலாம். கருவிகள் டிபி-லிங்க்கையே கேட்கும், உள்வீட்டுப் பெயர்கள் வேலை செய்யும், ஓஎன்டியின் எடுபிடிக்கு ஓய்வு.

எந்த ரிசால்வர் என்பதில் என் கணிப்பு: நெட் கம்பெனியின் ரிசால்வர் உங்கள் சோதனையில் உடனே பதில் சொன்னது, அப்படியானால் அதை விட்டு ஓட அவசரம் இல்லை. அகாமை போன்ற சிடிஎன்கள் (தளங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் சேவைகள்), கேள்வி எந்த ரிசால்வரிடமிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் பக்கத்துச் சேமிப்பு சர்வரின் முகவரியைக் கொடுக்கும். நெட் கம்பெனியின் வலைக்குள்ளேயே அப்படி ஒரு சர்வர் இருந்தால், அதைக் கைகாட்ட நெட் கம்பெனியின் ரிசால்வருக்கு வாய்ப்பு அதிகம். கூகுளின் 8.8.8.8 உங்கள் முகவரியின் ஒரு பகுதியை மேலே சொல்லி இதைச் சரிக்கட்டப் பார்க்கிறது. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 தனியுரிமை கருதி அப்படிச் சொல்வதில்லை.

செகண்டரி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுவது. செகண்டரி என்றால் முதலாவது செத்தபிறகு எழுந்து வரும் ஆள் என்று நினைக்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. சில கருவிகள் மாறி மாறிக் கேட்கும், சில இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வந்த விடையை எடுக்கும். ஆகவே இரண்டு கட்டத்திலும் ஒரே குணமுள்ள சர்வர்கள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்காக 1.1.1.3 என்ற வடிகட்டும் சர்வரைப் போட்டுவிட்டு செகண்டரியில் 8.8.8.8 வைத்தால் வடிகட்டி பாதி நேரம் இல்லாத மாதிரிதான். அதற்கு ஜோடி 1.0.0.3. அதேபோல 1.1.1.1க்கு 1.0.0.1, 8.8.8.8க்கு 8.8.4.4, 9.9.9.9க்கு 149.112.112.112.

மூலநிரல்

ஓஎன்டி ஏன் படுக்கிறது என்பதற்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் உள்ளே ஓடுவது டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள், அல்லது அதைவிட எளிய, கம்பெனி தானே எழுதிய ஒரு ப்ராக்ஸி (போர்ட்_53 சொன்ன எடுபிடி). டிஎன்எஸ்மாஸ்க்கில் மாற்றாமல் விட்டால் கேஷில் 150 பெயர்தான் பிடிக்கும். ஒரே நேரத்தில் விடைக்குக் காத்திருக்கும் கேள்விகளும் 150தான். இரண்டும் தனித்தனி வரம்பு, எண் ஒன்றாக அமைந்துவிட்டதால் குழப்பிக்கொள்வார்கள். செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால் விளம்பரம், அளவீடு, படங்கள் என்று பல பத்துப் பெயர்கள் கேட்கப்படும். ஒவ்வொரு பெயருக்கும் பழைய முகவரி முறையான ஐபிவி4க்கு ஒரு கேள்வி, புதிய முறையான ஐபிவி6க்கு ஒரு கேள்வி.

சாதாரணமாக இதில் சிக்கல் வராது, ஏனென்றால் விடை சில மில்லிசெகண்டில் வந்து இடம் காலியாகிவிடும். மேலே விடை தாமதமானால்தான் வினை. விடை வராத ஒவ்வொரு கேள்வியும் டைம்அவுட் ஆகும்வரை ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும். பதில் வராத கருவிகள் சும்மா இருக்குமா? மறுபடி கேட்கும். வரிசை நிறைந்துவிடும். நிறைந்தால் டிஎன்எஸ்மாஸ்க் தன் லாகில் ஒரே நேரக் கேள்விகளின் உச்சத்தைத் தொட்டுவிட்டதாக, அடைப்புக்குறிக்குள் 150 என்ற எண்ணோடு எழுதும். நீங்கள் பார்க்கும் 'சில நிமிஷத்தில் தானாகச் சரியாகும்' என்பது இந்தச் சுழற்சியோடு பொருந்துகிறது.

தூண்டுவது யார் என்று தேடினால் டிவிஆரை முதலில் சந்தேகியுங்கள். கிளவுட் சேவைக்கான பெயர் செத்துப்போன பழைய டிவிஆர்கள், சில ஐபி கேமராக்கள், விடை கிடைக்காவிட்டால் இடைவெளியே விடாமல் அதே பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும். தொந்தரவு நேரத்தில் அதன் நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். டிபி-லிங்க்கின் சொந்த ஃபர்ம்வேரில் கேள்விகளைப் பதிவு செய்ய வழி இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்தமூல ஃபர்ம்வேர்) போட்ட ரூட்டர் என்றால் டிஎன்எஸ் அமைப்பில் 'லாக் க்வெரிஸ்' டிக் செய்தால் எந்தக் கருவி எந்தப் பெயரைக் கேட்கிறது என்று வரிவரியாக வரும். ஓடிக்கொண்டிருக்கும் டிஎன்எஸ்மாஸ்க்குக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் கேஷின் அளவையும், காலாவதியாகும் முன்பே இடம் போதாமல் வெளியே தள்ளப்பட்ட பெயர்கள் எத்தனை என்பதையும் எழுதும். அந்த இரண்டாவது எண் பெரிதாக இருந்தால்தான் கேஷைக் கூட்டுவதில் பலன். சும்மா 10000 என்று போட்டு வைப்பதால் ஒன்றும் வேகம் கூடாது.

இந்த எடுபிடிகளின் தரம் இன்று நேற்றைய கதை இல்லை. 2008இல் டாட் யூகே பெயர்களைக் கவனிக்கும் நாமினெட்டோடு சேர்ந்து 24 வீட்டு ரூட்டர்களையும் ஃபயர்வால்களையும் சோதித்து, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகானின் பாதுகாப்புக் குழு ஓர் அறிக்கை போட்டது. வெளி ரிசால்வரை நேராகக் கேட்டபோது 24 கருவிகளும் கேள்வியை ஒழுங்காகக் கடத்தின. அந்தக் கருவியையே ப்ராக்ஸியாக வைத்துக் கேட்டபோது 18 கருவிகள் யுடிபி (டிஎன்எஸ் வழக்கமாகப் போகும் வழி) விடையின் அளவை 512 பைட்டிலோ ஒரு பாக்கெட்டுக்குள் அடங்கும் அளவிலோ வெட்டின. டிசிபி (பெரிய விடைக்கான மாற்று வழி) வழியாகக் கேள்வியை வாங்கிக் கடத்தியது ஒரே ஒரு கருவி. அடுத்த ஆண்டே, ப்ராக்ஸி எழுதுகிறவர்கள் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆர்எஃப்சி 5625 என்ற வழிகாட்டு ஆவணம் வந்தது. அதன் சாரம்: உனக்குப் புரியாத பிட்டைத் தொடாதே, அப்படியே கடத்து. டிசிபி விஷயம் இன்றும் சில பெட்டிகளில் அப்படியேதான். விடை பெரிதாகி யுடிபியில் அடங்காதபோது 'வெட்டப்பட்டது' என்ற கொடியோடு வரும். கருவி உடனே டிசிபி போர்ட் 53இல் மறுபடி கேட்கும். பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. எல்லாத் தளமும் திறந்து, குறிப்பிட்ட ஒன்றிரண்டு மட்டும் வீட்டில் திறக்காமல் மொபைல் டேட்டாவில் திறந்தால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

கருந்துளை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்தப் பிரச்சினைக்காக மட்டும் பை-ஹோல் வேண்டாம். விளம்பரத் தடுப்பும் வேண்டும், யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கவும் வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் அது நின்றால் வீடே நிற்கும். கரண்ட் போகும் ஊரில் ரூட்டரை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டுப் பை-ஹோல் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

வைப்பதானால் டிஎச்சிபி மெனுவில் போடுங்கள், இன்டர்நெட் மெனுவில் வேண்டாம். இன்டர்நெட் மெனுவில் போட்டால் எல்லாக் கருவியின் கேள்வியும் 192.168.0.1 என்ற ஒரே ஆளிடமிருந்து வருவதாகப் பை-ஹோல் நினைக்கும். ஒரு கருவிக்கு நிமிடத்துக்கு 1000 கேள்விக்கு மேல் வந்தால் மறுக்கச் சொல்லித்தான் அதன் இயல்பு அமைப்பு. உங்கள் டிவிஆர் ஒன்று வெறிபிடித்து ஓடினால் மொத்த வீட்டுக்கும் 'ரெஃப்யூஸ்டு' விழும்.

அதோடு ஒரு வளையம் உண்டு. டிபி-லிங்க் பை-ஹோலைக் கேட்கும்படி வைத்துவிட்டு, உள்வீட்டுப் பெயர்களுக்காகப் பை-ஹோலை டிபி-லிங்க்கைக் கேட்கும்படி வைத்தால், இருவருக்கும் தெரியாத ஒரு பெயர் வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூலநிரல் சொன்ன 150 கேள்வி வரம்பு ஒரு நொடியில் நிறையும். டிஎச்சிபியில் பை-ஹோல், டிபி-லிங்க்கின் இன்டர்நெட் மெனுவில் வெளி ரிசால்வர் என்று வைத்தால் இந்த வளையம் உருவாக வழியில்லை.

செகண்டரியில் 8.8.8.8 போட்டுவிட்டு 'விளம்பரம் அப்பப்ப வருது' என்று வருகிறவர்களுக்குப் பதில் மேலே போர்ட்_53 சொல்லிவிட்டார்.

பலரும் கவனிக்காத ஓட்டை ஐபிவி6. டிபி-லிங்க்கில் ஐபிவி6ஐ பாஸ்-த்ரூவில் (அப்படியே உள்ளே கடத்தும் முறை) விட்டிருந்தால் ஓஎன்டி அனுப்பும் ரூட்டர் அறிவிப்பு நேராகப் போனுக்கே வந்துவிடும். அந்த அறிவிப்பிலேயே டிஎன்எஸ் முகவரியும் இருக்கும், பெரும்பாலும் எஃப்இ80 என்று தொடங்கும் ஓஎன்டியின் முகவரி. ஆண்ட்ராய்டு டிஎச்சிபிவி6இல் டிஎன்எஸ் கேட்காது, இந்த அறிவிப்பைத்தான் நம்பும். அப்படியானால் இங்கே ஐபிவி4 கட்டத்தில் நீங்கள் என்ன போட்டாலும் போன் பாதிக் கேள்விகளை அதே படுக்கிற ஓஎன்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கும். போனின் வைஃபை விவரத்தில் டிஎன்எஸ் வரியைப் பாருங்கள், 192.168.0.1 தவிர வேறு நீளமான முகவரி ஏதாவது இருந்தால் அதுதான். டிபி-லிங்க்கின் ஐபிவி6 மெனுவில் பாஸ்-த்ரூவை விட்டு வெளியே வந்து, அங்கேயும் டிஎன்எஸ்ஸைக் கையால் கொடுக்க வேண்டும்.

இதற்கும் அடங்காதவை சில. ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' கட்டத்தில் ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால் அந்தப் போன் பெரும்பாலும் போர்ட் 853 வழியாக நேராக அந்த சர்வரிடம் போகும், ரூட்டரை ஒரு பொருட்டாகவே எடுக்காது. குரோம்காஸ்ட் கருவிகள் 8.8.8.8ஐ உள்ளேயே எழுதி வைத்திருக்கின்றன. பிரவுசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' ஆன் என்றால் கேள்வி சாதாரண எச்டிடிபிஎஸ் போக்குவரத்தோடு போர்ட் 443இல் கலந்து போய்விடும். டிபிலிங்க்வைஃபை.நெட் ஒரு லேப்டாப்பில் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இரட்டை_ரூட்டர்

இன்டர்நெட் மெனுவில் நெட் கம்பெனியின் ரெண்டு ரிசால்வரையும் போட்டாச்சு, டிஎச்சிபி கட்டம் காலி. லேப்டாப், டிவி ரெண்டிலும் தொந்தரவு இல்லை, உள்வீட்டுப் பெயரும் திறக்குது. போனில் கருந்துளை சொன்ன மாதிரியே எஃப்இ80 முகவரி ஒண்ணு இருந்தது, பாஸ்-த்ரூதான். மாத்திட்டேன். டிவிஆர் கேபிளை உருவிப் பார்க்கறதுக்குள்ள இதெல்லாம் செஞ்சதால அதுதான் குற்றவாளியான்னு தெரியல.

மூலநிரல்

டிவிஆரை விட்டுவிடாதீர்கள். அதன் நெட்வொர்க் மெனுவில் கிளவுட் அல்லது பி2பி என்று ஒன்று இருக்கும். வெளியிலிருந்து போனில் பார்ப்பதில்லை என்றால் அதை ஆஃப் செய்துவிடலாம். பார்க்க வேண்டும் என்றால் அதன் டிஎன்எஸ் கட்டத்தில் என்ன இருக்கிறது பாருங்கள். கையால் எழுதிய பழைய 192.168.1.1 இருக்க வாய்ப்பு நிறைய. அப்படியானால் அது இன்னும் ஓஎன்டியைத்தான் குடைந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று. ஓஎன்டி, டிபி-லிங்க் இரண்டின் இன்டர்நெட் பக்கத்திலும் போர்ட் 53 மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து, மொபைல் டேட்டாவிலிருந்து, உங்கள் பொது ஐபியை டிஎன்எஸ்ஸாக வைத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விடை வந்தால் ஆபத்து. ஊரில் எவன் மீதோ நடக்கும் தாக்குதலுக்கு உங்கள் ரூட்டர் பெருக்கி வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். 2021 ஜனவரியில் டிஎன்எஸ்மாஸ்க்கில் 7 ஓட்டைகள் வெளியாயின, கேஷில் பொய்யான முகவரியைப் புகுத்த முடிகிற வகையும் அதில் சேர்த்தி. 2.83 பதிப்பில் அடைத்தார்கள். அதற்குமுன் வெளியான ஃபர்ம்வேரோடு ஓடும் பெட்டிகள் இன்னும் நிறைய உண்டு.

பென்குயின்_மேசை

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். லினக்ஸில் மட்டும் ஒவ்வொரு புதுத் தளமும் சரியாக 5 செகண்ட் கழித்துத் திறக்கிறது. அதே வைஃபையில் போனில் உடனே. ரூட்டர் வேறு மாடல். இரண்டாவது, ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட இன்னொரு ரூட்டரில் டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் (டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி அனுப்பும் முறை) வைத்திருக்கிறது. கரண்ட் போய் வந்தால் எந்தப் பெயரும் கிடைப்பதில்லை, கையால் நேரத்தைச் சரி செய்தால் உடனே ஓடுகிறது.

போர்ட்_53

சரியாக 5 என்றால் அது ஜிலிப்சியின் (லினக்ஸ் மென்பொருள்களுக்குப் பெயர் தேடிக் கொடுக்கும் அடிப்படை நூலகம்) டைம்அவுட். ஐபிவி4 கேள்வியையும் ஐபிவி6 கேள்வியையும் அது ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே போர்ட் எண்ணோடு அடுத்தடுத்து அனுப்பும். சில ரூட்டர் ப்ராக்ஸிகள் அந்த ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு மற்றதைத் தொலைத்துவிடும். ஜிலிப்சி 5 செகண்ட் காத்துவிட்டு மறுபடி கேட்கும். ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் ஆப்ஷன்ஸ் வரியில் சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன் என்று சேருங்கள். தேவைப்படும்போது இரண்டாவது கேள்விக்குப் புது சாக்கெட் திறக்கும். அந்தக் கோப்பில் நேம்சர்வராக 127.0.0.53 இருந்தால் ரூட்டரோடு பேசுவது ஜிலிப்சி இல்லை, சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற வேறொரு லினக்ஸ் சேவை. இந்த ஆப்ஷனால் பயனில்லை. அப்போது முதல் டிஎன்எஸ் முகவரி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

மூலநிரல்

இரண்டாவது கோழியா முட்டையா கதை. பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் பேட்டரி கடிகாரம் கிடையாது. ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்போது, கான்ஃபிக் அடைவில் கடைசியாக மாறிய கோப்பின் தேதியைத்தான் இன்றைய தேதி என்று வைத்துக்கொள்ளும். அமைப்பை மாற்றி மாதக்கணக்கானால் கடிகாரமும் அத்தனை மாதம் பின்தங்கும். டிஎல்எஸ் சான்றிதழின் தொடக்கத் தேதி அதற்குப் பிந்தையதாக இருந்தால் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று இணைப்பு மறுக்கப்படும். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரின் பெயருக்கு முகவரி வேண்டும். முகவரி வாங்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ்ஸுக்கு நேரம் வேண்டும்.

உடைக்க எளிய இடம் என்டிபி. சிஸ்டம் மெனுவின் டைம் சிங்க்ரனைசேஷன் பகுதியில் பெயர்களோடு ஐபியாகவும் ஒன்றைச் சேருங்கள். கூகுளின் நேர சர்வர்கள் 216.239.35.0, 216.239.35.4, 216.239.35.8, 216.239.35.12. பூஜ்யத்தில் முடிவதைப் பார்த்து நெட்வொர்க் முகவரியோ என்று தயங்க வேண்டாம், அது நிஜமான சர்வர்தான். ஐபியை நம்பியிருக்கப் பிடிக்காவிட்டால், டிஎன்எஸ்மாஸ்க்கின் ஃபார்வர்டிங்ஸ் பகுதியில் என்டிபி டொமைனுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதி நெட் கம்பெனியின் சாதாரண ரிசால்வருக்குத் திருப்பிவிடலாம். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை (விடையில் உள்ள மின்கையெழுத்தைச் சோதிப்பது) ரூட்டரிலேயே ஆன் செய்திருந்தாலும் இதே பூட்டு விழும். அங்கே கையெழுத்துகளுக்குத் தேதி இருக்கிறது.